போர்ச் செய்தி வந்த அன்று பெயிண்ட் அடிக்கலாமா?



"நாடே பதறிக்கிட்டு இருந்தப்ப, உங்க வீட்ல ஹாலுக்கு என்ன கலர் அடிக்கலாம்னு பேசிக்கிட்டு இருந்தீங்களா?" என்று வகுப்பில் ஒருத்தி என்னைக் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. ஆமாம், பேசினோம். அதில் தப்பு இல்லை என்பதுதான் என் கருத்து.

அவள் சொன்ன நாள் 2025 மே 10, சனிக்கிழமை. அந்த நாட்களைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரல் 22-ல் காஷ்மீரின் பஹல்காமில் 26 பேரைத் தீவிரவாதிகள் சுட்டுக் கொன்றார்கள். மே 7 அதிகாலையில் நம் படை 'ஆபரேஷன் சிந்தூர்' என்ற பெயரில் ஒன்பது இடங்களைத் தாக்கியது. அன்றைக்கே எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குண்டுகளால் பூஞ்ச் ஊரில் பொதுமக்கள் பலர் இறந்தார்கள். அதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் உண்டு. இங்கே சென்னைத் துறைமுகத்திலும் கல்பாக்கத்திலும் ஒத்திகை நடந்தது. வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களை மூடினார்கள். ஐ.பி.எல். கூட நின்றுபோனது! (எங்கள் தெருப் பையன்களுக்கு அப்போதுதான் நிலைமை புரிந்தது.)

இப்போது எங்கள் வீட்டுக் கதை. அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. சனிக்கிழமை அவர் வீட்டில் இருப்பதே அபூர்வம். பெயிண்ட் டப்பா வாங்கி வைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், லாரிப் புழுதியும் கரியும் சேர்ந்து வெள்ளைச் சுவர் ஒரே வருஷத்தில் சாம்பல் கலராகிவிடும். பாட்டி காலத்தில் பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, துளி நீலம் கலந்து, பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பார்களாம். ஒரே நாளில் வேலை முடியும். இப்போது அப்படியா? பழைய பெயிண்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, அப்புறம்தான் கலர். உப்புத்தாள் போடும் வேலை எனக்கும் தம்பிக்கும். மூக்கில் துணி கட்டியும் தும்மல் நிற்கவில்லை. அம்மாவுக்கு இளம்பச்சை, தம்பிக்கு நீலம். அம்மா ஜெயித்தார் (எப்போதும் போல).

சுவருக்கும் உலகச் செய்திக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். பெயிண்டில் போகிற பிசினும், எனாமலில் கலக்கிற டர்பன்டைனும் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்தது. கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது. அந்தச் சமயத்தில் பெயிண்ட் விலையும் ஏறியது. எங்கேயோ நடக்கிற சண்டை நம் வீட்டுச் சுவர் வரைக்கும் வந்துதான் தீரும். அதனால், "நமக்கென்ன, வடக்கே எங்கேயோ நடக்குது" என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நம் சிப்காட்டில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் அண்ணன்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! நாம் 'வடக்கே' என்று கை காட்டுகிற பக்கத்தில்தான் அவர்கள் வீடு இருக்கிறது.

என் சண்டை செய்தியோடு இல்லை, அதைப் போடுகிற விதத்தோடுதான். அந்த வாரம் டி.வி.யைப் போட்டால் சைரன். விளம்பரம் முடிந்தால் மறுபடி சைரன். இரண்டு பக்கமும் ஸ்கோர் சொல்வது போலச் சொன்னார்கள். மே 8 இரவு, கராச்சித் துறைமுகமே அழிந்துவிட்டது என்று கூடச் சில சேனல்களில் வந்தது. அது பொய்! கடைசியில் அதே மே 10-ம் தேதி, மத்திய உள்துறையின் கீழ் இருக்கிற குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகமே எல்லா ஊடகங்களுக்கும் எழுத வேண்டியதாகிவிட்டது. மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிற நிகழ்ச்சி தவிர வேறு எதிலும் சைரன் ஒலியைப் போடாதீர்கள், போட்டுப் போட்டுப் பழகிவிட்டால் நிஜ சைரன் ஊதும்போது ஜனங்கள் அலட்சியமாக இருந்துவிடுவார்கள் என்று. நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் நாட்டுப்பற்றா? யோசியுங்கள்.

எங்கள் எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். எந்த ஊரில் என்று அக்காவுக்கே தெரியாது, அவர் சொல்லவும் கூடாது. அன்று காலை பத்து மணி இருக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "வீட்ல தனியா இருக்க முடியலம்மா. டி.வி.யைப் போட்டா பயமா இருக்கு, நிறுத்தினா அதைவிடப் பயமா இருக்கு" என்றார். அம்மா எதுவும் ஆறுதல் சொல்லவில்லை. குழந்தையை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அக்கா கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார். ஜன்னல் கம்பி அத்தனைக்கும் எனாமல் அடித்தது அக்காதான். போனை ஜன்னல் திண்டிலேயே வைத்திருந்தார், அதன் மேல் இரண்டு சொட்டுப் பச்சை கூட விழுந்தது. மூன்று மணிக்குப் போன் வந்தது. ஒரு நிமிஷம் கூட இருக்காது. "சாப்ட்டாராம்" என்று மட்டும் சொன்னார். மிச்சமிருந்த கம்பிக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் சென்னைக் கடற்கரைச் சாலையில் முதலமைச்சர் தலைமையில் படைவீரர்களுக்கு ஆதரவாகப் பேரணி நடந்தது. ஐந்து மணியிலிருந்து சண்டை நிறுத்தம் என்று ஆறு மணி போல வெளியுறவுச் செயலர் அறிவித்தார். அதை ரேடியோவில் கேட்டோம், ஓரிரு நிமிஷச் செய்தி. இரவில் மறுபடி டிரோன் என்றார்கள், பிறகு அடங்கியது. நாங்கள் நாள் பூரா டி.வி. பார்த்திருந்தாலும் இதைவிட அதிகமாக என்ன தெரிந்திருக்கும்? ஆனால் அக்கா மட்டும் அந்த சைரனோடு தனியாக இருந்திருப்பார்.

நம் பள்ளிக்கு ஒரு யோசனை சொல்கிறேன். காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கிறோம். கடகடவென்று வாசித்துவிட்டு வரிசைக்குத் திரும்பிவிடுகிறோம். அதை மாற்றலாம். செய்தி மூன்று போதும். ஆனால் ஒவ்வொன்றும் எந்த ஊர், அங்கே நம்மைப் போன்ற பிள்ளைகள் இருக்கிறார்களா, அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் நம் வகுப்பு வீடுகளில் யாராவது உண்டா என்று கேட்டுச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சுவர்ப் பத்திரிகைக்குப் பக்கத்தில் ஒரு உலக வரைபடம் ஒட்ட இடம் இருக்கிறது. சமூக அறிவியல் ஆசிரியர் அனுமதி தந்தால் வரைபடத்தை நான் கொண்டுவருகிறேன். சுவர் அந்த இடத்தில் பொரிந்துபோயிருக்கிறது, அதையும் முதலில் பட்டி பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மிச்சப் பட்டி அரைக் கிலோ இருக்கிறது.

– 11-ஆம் வகுப்பு மாணவி