உதிரிப்பாகம் கிடைக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை



வெள்ளிக்கிழமைகளில் நான் பள்ளிக்கு ஓட்டி வரும் பழைய மோரிஸ் மைனர் மகிழுந்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை இறக்கிவிட வரும் பெற்றோர் அதைக் கண்டதும் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கின்றனர். முதலாவது, என்ன விலை? இரண்டாவது, இதற்கெல்லாம் இன்னும் உதிரிப்பாகம் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன இந்த வண்டிக்கு அங்கே இன்றும் புதிதாகப் பாகங்களைச் செய்து விற்கின்றனர். பணத்தைச் செலுத்தினால் வீட்டு வாசலுக்கே வந்து சேரும். கிடைக்காதது ஆள்தான். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். இதில் என் குற்றமும் ஒன்று உண்டு; அதையும் மறைக்கப் போவதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். துரையிடம் லேண்ட்ரோவர் இருந்தது. பெரிய கிராணியாரிடம் சாம்பல் நிற மோரிஸ் மைனர் இருந்தது. மழைக்காலத்துக் காலை வேளைகளில் அது கிளம்ப மறுக்கும். உடனே லயத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அழைப்பு வரும். ஏறி உட்காரும் உரிமை எங்களுக்கு இல்லை. தள்ளிவிடும் உரிமை மட்டும் உண்டு. செம்மண் பாதையில் தள்ளிக்கொண்டே ஓடுவோம். இயந்திரம் ஒருமுறை இருமி, பிறகு மெல்ல முனகத் தொடங்கும். அந்த ஒலி ஐம்பது வயதைக் கடந்த பின்னும் என் காதை விட்டு அகலவில்லை. ஆகவே 2019இல் ஒன்றை வாங்கத் துணிந்தேன். வாத்தியாருக்கு இந்த வயதில் ஏன் இந்த ஆசை என்று என் துணைவியார் கேட்டார். இன்றுவரை அவருக்குச் சரியான விடை சொல்லவில்லை.

இந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1948இல் இலண்டன் மகிழுந்துக் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 1959இல் வெளிவந்த மினியும் அவருடைய படைப்பே. மைனரின் மாதிரி வண்டி உருவான பிறகு, அது குறுகலாக இருப்பதாகக் கருதி நடுவே இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகலமாக்கினாராம். முன்மூடியின் நடுவே ஓடும் புடைப்பான பட்டை அந்த மாற்றத்தின் அடையாளம். அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். பத்து இலட்சம் வண்டிகள் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானிய மகிழுந்தும் இதுவே. நான் வாங்கியது 948 சிசி இயந்திரம் கொண்ட மைனர் 1000. ஆயிரம் சிசிக்கு உட்பட்ட தனியார் மகிழுந்து என்பதால் ஆண்டுச் சாலை வரி வெறும் 20 வெள்ளி. இந்த வண்டியில் மலிவானது அது ஒன்றுதான்!

முதலில் நான் பார்த்தது வேறொரு வண்டி. பளபளவென்று இருந்தது. விலை பேசி முடித்து, கிராண்ட் எங்கே என்று கேட்டேன். உரிமையாளர் பெயருக்கு நேரே விற்பவருடைய தந்தையின் பெயர் இருந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை மகன் கையெழுத்திட்டு விற்றுவிட இயலாது. முதலில் சொத்துரிமையை முறைப்படி தீர்க்க வேண்டும். வாரிசுகள் அனைவரும் ஒத்துவர வேண்டும். "அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம் சார்" என்றார் மகன். நல்ல வேளையாக நான் திரும்பி வந்துவிட்டேன். பழைய வண்டி வாங்க எண்ணுவோர் முதலில் தாளைப் பாருங்கள். வண்டியில் பொறித்துள்ள அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் கிராண்டில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று குனிந்து, கைவிளக்கு அடித்துப் பாருங்கள். எத்தனை ஆண்டுகளாகச் சாலை வரி கட்டவில்லை என்பதையும் சாலைப் போக்குவரத்துத் துறையில் வினவுங்கள். ஓடாத இயந்திரத்தை ஓட வைக்கலாம்; செத்துப்போன தாளுக்கு உயிர் கொடுப்பது அதைவிடக் கடினம்.

தாளுக்கு அடுத்தபடி தகரம். மோரிஸ் மைனருக்குத் தனியாக முழுநீள அடிச்சட்டம் கிடையாது. உடலே வண்டியைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டம், தரைத் தகடு, பின்பக்க வில்தகடுகள் வந்து பொருந்தும் இடம் ஆகியவை துருவேறினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். நம் நாட்டு மழையும் ஈரப்பதமும் எப்படிப்பட்டவை என்று சொல்லத் தேவையில்லை. இந்த அறிவெல்லாம் எனக்குப் பின்னால் வந்தது. 9,000 வெள்ளிக்கு இரண்டாவது வண்டியை வாங்கியபோது வண்ணத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வாங்கியதும் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். நான்கு மாதம் கழித்துப் புது வண்ணம் பூசி, கண்ணாடிபோல் மின்ன மின்னக் கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் கதவோரம் கொப்பளம் கிளம்பியது. விரலால் அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று. துருவை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதற்குப் பதிலாக, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து மேலே பட்டி பூசியிருந்தார்கள். அந்தத் தாள் மலாய் நாளேடு, விளையாட்டுப் பக்கம். கோபத்தைவிட வெட்கமே மிகுதியாக வந்தது. வகுப்பில் விடையைப் பார்த்து எழுதும் மாணவனை ஒரே பார்வையில் பிடித்துவிடும் நான், இதைப் பிடிக்கவில்லையே!

அதன்பின் ஆள் தேடும் படலம் தொடங்கியது. ஈப்போ, செம்மோர், கோலகங்சார் என்று அலைந்தேன். இளைஞர்கள் நடத்தும் பட்டறைகளில் கணினியை இணைத்துப் பழுது கண்டுபிடிக்கிறார்கள். அதுவும் அறிவுதான், குறை சொல்லவில்லை. ஆனால் என் வண்டியில் கணினியைச் செருக இடமே இல்லை. அதன் மின்னமைப்பில் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் எதிர்முனை. ஓர் இளைஞர் வழக்கம்போல் மின்கலத்தை மாற்றி இணைக்கப் போனார். தடுத்து நிறுத்தினேன். இடையில் 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வண்டி என் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் உறங்கியது. மொத்தத்தில் ஆள் தேடியதிலேயே ஓராண்டுக்கு மேல் கழிந்தது.

கடைசியில் கிடைத்தவர் எங்கள் பட்டணத்துக்காரரே. எழுபதை நெருங்கிய தமிழர். அந்தக் காலத்தில் சீனர் ஒருவரின் பட்டறையில் பதின்மூன்று வயதில் கையாளாகச் சேர்ந்து, போமனாகி, பிறகு சொந்தமாகக் கொட்டகை போட்டவர். பள்ளியிலிருந்து பத்து நிமிடத் தொலைவு. இத்தனை ஆண்டுகளில் நான் அங்கே சென்றதில்லை.

அவர் இயந்திரத்தைத் தொடவே இல்லை. முன்சக்கரத்தின் அடியில் படுத்தார். பத்து நிமிடம் சத்தமே இல்லை. வெளியே வந்து, "சார், இதை ஓட்டிக்கிட்டா வந்தீங்க?" என்று கேட்டார். ஆம் என்றேன். "சாமி புண்ணியம்" என்றார்.

மோரிஸ் மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கும் அமைப்பில் கீழ்ப்பக்கம் டிரனியன் என்னும் ஒரு துண்டு இருக்கிறது. செங்குத்தான கிங்பின்னின் திருகுப்புரியில் அது கோத்திருக்கும். காலாகாலத்தில் கிரீஸ் அடிக்காவிட்டால் புரி தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சக்கரம் மடங்கி வண்டி சாலையில் உட்கார்ந்துவிடும். என் வண்டியில் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தன. இந்த நிலையில் என் பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோலகங்சார் வரை போய் வந்திருக்கிறேன்! பட்டி பூசிய பட்டறையில் இதை யாரும் பார்க்கவில்லை. பார்த்தாலும் என்னவென்று தெரிந்திருக்காது.

அடுத்த பதினான்கு மாதங்கள் சனிக்கிழமைதோறும் அந்தக் கொட்டகையில் இருந்தேன். பிரேக்கின் தலைமை உருளை ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அதன் மரையாணியை வெளியே இழுத்தால் முன்பக்கத்து முறுக்குத்தண்டு குறுக்கே நிற்கும். அந்தத் தண்டை எப்படித் தளர்த்தினால் ஆணி விலகும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அது ஒற்றைச் சுற்றுப் பிரேக். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதனால் பழைய குழாய் ஒன்றைக்கூட அவர் மீண்டும் பொருத்த ஒப்பவில்லை. உருளைத் தலைப்பைக் கழற்றி, வால்வு அமரும் இடங்களில் கடினப்படுத்திய வளையங்களைப் பொருத்தச் செய்தார். அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் அந்த இடங்களைத் தேய்மானத்திலிருந்து காத்தது. இன்றைய பெட்ரோலில் அது இல்லை. வேதியியல் பாடம் இது. அவர் ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவர்.

பக்கச் சட்டங்களைப் பற்றவைக்கும் முன் கதவுகளைக் கழற்றவே கூடாது என்றார். கதவைக் கழற்றிவிட்டுச் சட்டத்தை வெட்டினால் உடல் சற்றே கோணும். பிறகு கதவு எந்நாளும் பொருந்தாது. எனக்கு ஒரு கணம் மலைப்பாக இருந்தது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் நான். பாடநூலை வைத்துக் கற்பித்தேன்.

ஒருநாள் தேநீர் அருந்தும்போது கேட்டேன்: "அண்ணே, உங்களுக்குப் பிறகு இந்தக் கொட்டகையை யார் பார்ப்பா?"

"யாரு பார்ப்பா? மூடிட வேண்டியதுதான். பையன் சிங்கப்பூர்ல தொழிற்சாலையில இருக்கான்."

"அவருக்கு இதில் விருப்பம் இல்லையா?"

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "சின்ன வயசுல இங்கேயேதான் கிடப்பான் சார். ஸ்பேனரை நீட்டுனா அளவு பார்க்காம சரியா எடுத்துக் கொடுப்பான். நாலாம் ஆண்டுல ஒருநாள் வந்தான். 'அப்பா, சார் சொன்னாங்க, படிக்காதவங்கதான் பட்டறைக்குப் போவாங்களாம்'னான். அதுக்கப்புறம் வர்றதில்ல. நானும் கூப்பிடல. படிக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

எந்த ஆசிரியர் என்று நான் கேட்கவில்லை. அவருடைய மகன் படித்தது எங்கள் பள்ளியில்தான். அந்த ஆண்டு நான்காம் ஆண்டுக்கு வகுப்பாசிரியர் நான்தான் என்பது எனக்கு நினைவிருக்கிறது, அவருக்கும் நினைவிருந்திருக்கும். அந்த வாக்கியத்தைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை. எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையிடம், கணக்கில் தவறியவனிடம், பின்வரிசையில் தூங்கியவனிடம். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பட்டறை, சலவைக் கடை, லாரி, குப்பை வண்டி என்று நம்மிடம் ஒரு பட்டியலே இருக்கிறது.

தோட்டத்தில் பால்மரம் சீவிய பெற்றோருக்கு அந்த அச்சம் நியாயமானது. என் தந்தை கத்தியைக் காட்டி, "இது உன் கைக்கு வரக் கூடாது" என்று சொன்னதால்தான் நான் ஆசிரியனானேன். அதை நான் மறுக்கவில்லை. பட்டறை வேலையில் துன்பமும் குறைவில்லை: சிறு பட்டறைகள் சிலவற்றில் சேமநிதி கட்டுவதில்லை, முதுகு போகும், காது போகும். அண்ணனின் இடக்கை விரல் ஒன்றில் நுனி இல்லை. ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் பட்டறைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவரவில்லை. பழைய வண்டி பழுதுபார்ப்பதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்றும் சொல்லமாட்டேன்.

நான் சொல்வது வேறு. ஒரு தொழிலைத் தண்டனையாகக் காட்டி வளர்த்துவிட்டால், அந்தத் தொழிலில் கைத்திறன் வாய்ந்த பிள்ளைகூட வெட்கப்பட்டு விலகிவிடும். எஞ்சுவது வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள். அவர்களில் சிலர் செய்தித்தாளைத் திணித்துப் பட்டி பூசுவார்கள். அதற்குப் பணம் கொடுப்பவர்கள் நாம்தான். மூன்றாம் படிவம் முடித்தவர்கள் வொகேஷனல் கல்லூரியில் சேர்ந்து டிப்ளோமா வரை படிக்க வழியிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அந்தப் பேச்சு எப்போது எழுகிறது? மதிப்பெண் குறைந்த பிறகுதான். 'வேறு வழியில்லை, அங்கேயாவது போகட்டும்' என்கிறோம். அந்த 'அங்கேயாவது' என்னும் சொல் பிள்ளையின் காதில் விழாது என்று நினைக்கிறோமா?

மாணவர் விவரப் படிவத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்தப் பையன் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தான். கையெழுத்து அழகாகவே இருந்தது.

வண்டி 2022 இறுதியில் சாலைக்கு வந்தது. வாங்கிய விலை போக, முதல் பட்டறையில் வீணான தொகையையும் சேர்த்து 23,000 வெள்ளிக்குச் சற்று மேல் ஆயிற்று. இலாபமா என்று கேட்காதீர்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்பு 'டிக் டிக்' என்று அடிக்கும். அடங்கும்வரை காத்திருந்து பிறகு கிளப்ப வேண்டும். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து சிறு கை ஒன்று வெளியே நீண்டு வழிகாட்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை.

சென்ற பருவத்தில் அண்ணனை ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு அழைத்தேன். மூன்று முறை மறுத்து, நான்காம் முறை வந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. கார்புரேட்டர் ஒன்றைப் பிரித்து மேசைமேல் பரப்பினார். காற்றும் பெட்ரோலும் எப்படிக் கலக்கின்றன என்று அவர் காட்டியபோது, வழக்கமாகச் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன் எழுந்து மேசைக்கு அருகில் போய் நின்றான். உட்காரச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளில் இருவருக்குச் சனிக்கிழமை காலைகளில் தொழில் கற்றுத்தர அண்ணன் இணங்கியிருக்கிறார். கட்டணம் வேண்டாமாம். நேரத்துக்கு வந்தால் போதுமாம். பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை இருமுறை அறிவித்தேன். இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. பெயர் கொடுக்க விரும்புவோர் பள்ளி அலுவலகத்தில் என்னைப் பார்க்கலாம்.