திடலை இழந்த தலைமுறை



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் செகாக் உடற்தகுதிச் சோதனை நடத்தினேன். தாளத்திற்கு ஏற்ப மூன்று நிமிடம் பலகையில் ஏறி இறங்க வேண்டும். ஒன்றரை நிமிடத்திலேயே மூவர் அமர்ந்துவிட்டனர். அவர்களுள் ஒருவனை அழைத்துப் போக வந்திருந்த பாட்டி, சன்னல் ஓரமாக நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர்.

“ஏன் ஐயா, இந்தப் பலகையில ஏறி இறங்கவா இவனுக்கு இப்படி மூச்சு வாங்குது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இந்த இடுகை.

கெடா மாநிலத் தோட்டங்களில் நம் முன்னோர் எப்படி வாழ்ந்தனர் என்பதைப் பெற்றோருள் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். விடியும் முன்பே பெரட்டு, அதன்பின் வெட்டுக்காடு. 400, 500 மரங்களை ஒருவரே சீவுவார். ஒவ்வொரு மரத்திடமும் நின்று, குனிந்து, மீண்டும் நடப்பார். பால் இறங்கியதும் மறுபடியும் அதே நிரையில் நடந்து மங்குகளைக் காலி செய்வார். நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டு செல்வார். ‘உடற்பயிற்சி’ என்னும் சொல்லே அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

இதைச் சொல்வதால் அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் போற்றுவதாக எண்ண வேண்டா. அது வறுமை விதித்த உழைப்பு. முதுகும் முழங்காலும் தேய்ந்து, நாற்பது வயதிலேயே முதுமை எய்தியவர்கள் ஏராளம். கள்ளுக்கடையும் அதே தோட்டத்தில்தான் இருந்தது. “என் பிள்ளை உளி பிடிக்கக் கூடாது” என்று உறுதி பூண்டுதான் நம் பெற்றோர் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினர். அந்த உறுதி வென்றது. அது நமக்குப் பெருமையே.

ஆனால், தோட்டத்தில் உழைப்பு மட்டுமா இருந்தது? லயத்திற்கு அருகிலேயே ஒரு திடல் இருந்தது. மாலை வேளையில் வாலிபர்கள் பந்து உதைத்தனர், சடுகுடு ஆடினர், சிலம்பம் சுற்றினர். சிறுவர்கள் கிட்டிப்புள்ளும் பம்பரமும் ஆடினர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டமே திரண்டு ஓட்டப் பந்தயமும் கயிறிழுக்கும் போட்டியும் நடத்தியது. அங்கே ஆடுவதற்குக் கட்டணம் இல்லை. யாரும் மகிழுந்தில் கொண்டுபோய் விட வேண்டியதும் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை விழுந்தாலும் தூக்கிவிட ஓர் அத்தையோ மாமாவோ இருந்தனர்.

பின்னர் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்தது. தோட்டங்கள் கைமாறின, பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் தோன்றின. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ் பகுதிகளின் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் நம்மவர் குடியேறினர். தொழிற்சாலைப் பேருந்து வாசலுக்கே வந்தது. வேலையில் நடை குறைந்தது; வேலை நேரமோ குறையவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடிந்து வரும் தாய், பிள்ளை வீட்டுக்குள் கைப்பேசியோடு இருப்பதையே பாதுகாப்பு என்று கருதுகிறார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. வெளியே வண்டிகள் விரைகின்றன. அக்கம்பக்கத்தார் முகம் தெரியாதவர்கள்.

வயல்காட்டையும் வெட்டுக்காட்டையும் விட்டோம்; அது வளர்ச்சி. திடலையும் உடன் விட்டோம், அது இழப்பு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதே நம் பிழை.

இதன் விலை என்ன? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் மிக அதிகம். தெற்காசியர்களின் உடல், சற்றே எடை கூடினாலும் நீரிழிவுக்கு இடங்கொடுக்கும் தன்மையுடையது என்பது மருத்துவர்கள் அறிந்த உண்மை. இயங்கும் தசையே இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே மற்றவரைவிட நமக்குத்தான் ஓட்டமும் ஆட்டமும் கூடுதலாகத் தேவை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கனடாவின் வடகோடியில் இக்லூலிக் என்னும் இன்யூட் மக்களின் ஊர் உள்ளது. ராய் ஷெப்பர்ட், ஆண்டிரிஸ் ரோட் என்னும் ஆய்வாளர்கள் 1970, 1980, 1990 ஆகிய ஆண்டுகளை ஒட்டி மூன்று முறை அம்மக்களின் உடல்திறனை அளந்தனர். வேட்டையாடி வாழ்ந்த தலைமுறையின் திறன் மிக உயர்ந்திருந்தது. நாய்வண்டியின் இடத்தைப் பனி மோட்டார் வண்டி பிடித்தது, வேட்டை குறைந்து சம்பள வேலை பெருகியது, தொலைக்காட்சி வந்தது. இருபதே ஆண்டுகளில் இதய, நுரையீரல் திறனும் தசை வலிமையும் குறைந்தன, உடற்கொழுப்பு கூடியது. பனிக்காட்டுக்கும் பால்மரக் காட்டுக்கும் எவ்வளவு தொலைவு! ஆயினும் கதை ஒன்றே.

அம்மக்களிடம் நாம் கற்க வேண்டியதும் ஒன்றுண்டு. உயரே தொங்கும் பொருளைத் துள்ளி எழுந்து ஒற்றைக் காலால் உதைப்பது அவர்களின் மரபு விளையாட்டு. 1970இல் தொடங்கிய ஆர்க்டிக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் அதுவும் இடம்பெற்றிருக்கிறது. வேட்டை வாழ்க்கை குறைந்தது. விளையாட்டை அவர்கள் கைவிடவில்லை. நம் கபடியும் 1990இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றுவிட்டது. நம் பள்ளித் திடலில் அதற்கு இடமுண்டா?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். “வெயிலில் நின்றால் கறுத்துவிடுவாள், குறுக்கோட்டத்தில் சேர்க்காதீர்கள்” என்று கடிதம் கொடுத்தனுப்பும் பெற்றோர் இன்றும் உள்ளனர். பேராக் மாநிலத்தின் தாப்பாவைச் சேர்ந்த எம். இராஜமணி, 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்ப்பெண் ஓடிக் காட்டிய பாதையை நாம் இன்று அடைப்பது முறையா?

ஆசிரியர்களாகிய நாமும் குற்றவாளிகளே. தேர்வு நெருங்கியதும் நாம் முதலில் பலியிட்டது உடற்கல்வி நேரத்தைத்தான். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்தப் பழக்கம் மட்டும் நீங்கவில்லை. ஒரு பாடவேளை 30 நிமிடம். உலகச் சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதோ நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம். இருக்கும் அரை மணியையும் கணிதப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

நான் கேட்பவை மூன்றே. உடற்கல்வி நேரத்தை எந்தப் பாடத்துக்கும் கடன் கொடுக்காதிருப்போம். வாரத்தில் இரு மாலைகள் பள்ளித் திடலைத் திறந்து வைப்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் முறை வைத்துக் காவலிருக்கட்டும். தாத்தா பாட்டிகளை அழைத்து, அவர்கள் ஆடிய ஆட்டங்களைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்வோம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, மனம் வேண்டும்.

அந்தப் பாட்டியிடம் அன்று என்னால் சரியான விடை கூற இயலவில்லை. “பழக்கமில்லை அம்மா” என்று மட்டும் சொன்னேன். அவர் பேரனின் புத்தகப்பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். அவன் பின்னால் மெல்ல நடந்து போனான்.

அந்தப் பையை அவனே சுமக்கும் நாள் வர வேண்டும். சிந்திப்போம், செயல்படுவோம்.