அடுத்தவருக்காக வாங்கும் கார்

ஜேர்மனியின் போர்ஷே 911 காரை வாங்குபவருக்கு அடிப்படை விலை என்பது தொடக்கம் மட்டுமே. ஆசனம், சக்கரம், நிறம் என மேலதிகத் தெரிவுகளின் நீண்ட பட்டியலொன்று காத்திருக்கிறது. குளிர்காற்று வரும் துவாரத்தின் தகடுகளுக்குக்கூடத் தனியாகப் பணம் கொடுத்துத் தோல் போர்த்தலாம்.

விற்கும்போது இப்பணம் திரும்பி வருமா? பெரும்பாலும் வராது. பாவித்த காரை வாங்குபவர் தோலுக்காக விலையை உயர்த்துவதில்லை. பின்னர் எளிதில் பூட்ட முடியாதவற்றையே அவர் தேடுகிறார். சக்கரத்தைப் பிறகும் மாற்றலாம். கியர்ப்பெட்டியை மாற்றுவது இலகுவல்ல.

மனுவல் கியரின் கதையே இதற்குச் சான்று. 2013இல் அறிமுகமான 911 ஜி.ரி.3 மனுவல் கியர் இன்றியே வந்தது. ரசிகர்கள் பலர் முகஞ்சுழித்தனர். 2016இல் மனுவல் கியருடன் 991 கார்கள் மட்டுமே தயாரிக்கப்பட்ட 911 ஆர், பட்டியல் விலையை வெகுவாகத் தாண்டிக் கைமாறியது. 2017இல் ஜி.ரி.3இலும் மனுவல் கியர் மீண்டும் இடம்பிடித்தது.

ஆனால் நிறத்தில்தான் மனிதர்கள் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். பச்சையை விரும்பும் ஒருவர், விற்க முடியாமற் போகுமோ என்றஞ்சிச் சாம்பல் நிறத்தைத் தெரிவு செய்கிறார். முகமறியாத எவரோ ஒருவரின் விருப்பத்திற்குரிய காரை, தன் பணத்தில், ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்.

விற்கும் நாளை மனதிற்கொண்டு இரண்டொன்றைத் தெரிவு செய்யுங்கள். மிகுதியை, ஓட்டப்போகும் நாட்களுக்காகத் தெரிவு செய்யுங்கள். அதற்குக் கொடுக்கும் பணத்தை முதலீடு என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது செலவு. மனமறிந்து செய்யும் செலவில் தவறேதுமில்லை.