ஏழு பேரும் ஒரு கேமராவும்

2006 மார்ச். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஈராக்கில் உயிரிழந்த இளம் படைவீரருக்கு இறுதிச் சடங்கு. தேவாலயத்திலிருந்து சுமார் 1,000 அடி தள்ளி, கான்சாஸிலிருந்து வந்த வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சபையினர் பதாகைகளோடு நின்றார்கள். ஓரினச் சேர்க்கையை ஏற்கும் நாட்டைக் கடவுள் தண்டிக்கிறாராம். வீரர்கள் சாவது அதனால்தானாம். வந்தவர்கள் போதகர் ஃப்ரெட் ஃபெல்ப்ஸ், இரு மகள்கள், நான்கு பேரப்பிள்ளைகள். மொத்தம் ஏழு பேர். இறந்தவரின் தந்தைக்குப் பதாகைகளின் மேல்விளிம்புதான் கண்ணில் பட்டது. அவற்றில் என்ன எழுதியிருந்தது என்பதை அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியில்தான் பார்த்தார். அவர் சபைமீது தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இதைப் பதிவு செய்திருக்கிறது. (பேச்சுரிமையின் பெயரால் 2011-ல் சபைதான் வென்றது.)

அந்தச் சபையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 70 பேர், பெரும்பாலும் ஒரே குடும்பம். ஜெரி ஃபால்வெல் போன்ற பழமைவாதப் போதகர்களே ஃபெல்ப்ஸைக் கண்டித்தார்கள். ஆனாலும் மத வலதுசாரிகளைச் சாட வேண்டியபோதெல்லாம் அந்தப் பதாகைகள் திரையில் வந்து நின்றன. வேடிக்கை என்னவென்றால், இதே ஃபெல்ப்ஸ் கான்சாஸ் ஆளுநர் பதவிக்கு மூன்று முறை முயன்றது ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில்! ஒரு காலத்தில் கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை நடத்தியவரும்கூட. இதையெல்லாம் சொன்னால் வில்லன் பாத்திரம் கெட்டுவிடும்.

வலதுசாரித் தரப்பும் சளைத்ததல்ல. 2020-ல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட பிறகு, காவல்துறைக்கான நிதியை நிறுத்தச் சொல்லும் முழக்கம் எழுந்தது. அதைத் தான் ஏற்கவில்லை என்று ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜோ பைடன் ஜூன் மாதமே சொல்லிவிட்டார். இருந்தும், அவர் வென்றால் அவசர அழைப்பை எடுக்க ஆளே இருக்காது என்று ட்ரம்ப் தரப்பு விளம்பரம் செய்தது. அதே ஆண்டு கேலப் கருத்துக்கணிப்பில், தங்கள் பகுதியில் போலீஸ் நடமாட்டம் குறையக் கூடாது என்றவர்கள் கறுப்பின அமெரிக்கர்களிலேயே 81 சதவீதம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். விரலில் அகப்பட்டது கல்லாக இருந்தால்? 'மோர் இன் காமன்' அமைப்பின் 2019 ஆய்வில், மறுகட்சியினரில் 55 சதவீதம் பேர் தீவிரக் கருத்துடையவர்கள் என்று ஜனநாயகக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் நினைத்தார்கள். உண்மையில் சுமார் 30 சதவீதம்தான். எப்போதும் செய்தி பார்ப்பவர்களின் கணிப்பு, எப்போதாவது பார்ப்பவர்களுடையதைவிட ஏறக்குறைய மும்மடங்கு பிசகியிருந்தது.

எனவே செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எதிர்த்தரப்பின் வெறிக்கூச்சலைக் காட்டுங்கள், தவறில்லை. கூச்சலிட்டவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய தலைமை அதைப் பற்றி என்ன சொன்னது என்பதையும் அதே செய்தியில் சேர்த்துப் போடுங்கள்.