வெடிப்பை மூடுமுன்...

தீபாவளியும் பொங்கலும் நெருங்கினால் தோட்டப்புறங்களில் சுவர் வேலை தொடங்கிவிடும். சுண்ணாம்பு பூசுமுன் வெடிப்புகளையும் ஆணி பிடுங்கிய ஓட்டைகளையும் அடைப்பவர்கள் அநேகமாகப் பெண்களே. முன்பு களிமண் குழைத்து அடைத்தார்கள். இப்போது கடையில் 'வோல் பில்லர்' என்று கேட்டால் வெள்ளைப் பசையாகவோ மாவாகவோ கிடைக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் பொருள் வீணாகக் கூடாதல்லவா? முதலில், வெடிப்பின் ஓரங்களில் உதிரும் காரையைச் சுரண்டி, தூசியைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். தூசியின் மேல் அப்பிய பசை சுவரைப் பிடிக்காது. ஆழமான ஓட்டையை ஒரே தடவையில் நிரப்பினால், காயும்போது சுருங்கி மீண்டும் வெடிக்கும். கொஞ்சம் அடைத்து, காயவிட்டு, பிறகு மேல்பூச்சு போடுங்கள். நன்கு காய்ந்தபின் மணற்கடதாசியால் தேய்க்கலாம். அப்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

ஈரம் ஊறும் சுவரில் எந்தப் பசையும் நிற்காது. கூரைத் தகரத்தின் ஒழுக்கையும் பின்புறக் கானின் அடைப்பையும் முதலில் சரிசெய்ய வேண்டும். கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய லயச் சுவர்களில் கெட்டியான சீமெந்து பூசினால், அது உள்ளீரத்தைத் தடுத்து, நாளடைவில் பொருக்காகக் கழன்று விழும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தே பொருத்தம்.

இவையெல்லாம் பூச்சில் மட்டும் விழுந்த மயிரிழை வெடிப்புகளுக்கு உரிய வைத்தியம். வேறு வகை வெடிப்பும் உண்டு. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடுவது, சுவரின் இரு பக்கமும் தெரிவது, நெருப்புக்குச்சி தாராளமாக நுழைவது, மழைக்குப் பின் அகலமாவது ஆகியவை அவ்வகை. அவற்றைப் பசையால் மூடுவது காய்ச்சல்காரியின் நெற்றியில் பவுடர் பூசுவது போலத்தான்.

அந்த வெடிப்பின் இரு நுனிகளிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே ஒரு கடதாசித் துண்டையும் ஒட்டுங்கள். கோடு தாண்டி வெடிப்பு நீண்டாலோ கடதாசி கிழிந்தாலோ சுவர் அசைகிறது என்று பொருள். வெளியேயும் பாருங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென இறுகிக்கொள்ளும் கதவு, பீலியில் கலங்கி வரும் தண்ணீர் ஆகியவை மண்சரிவுக்கு முன் தோன்றக்கூடிய அடையாளங்கள்.

கொஸ்லந்தை மீரியபெத்தையை மறந்துவிட முடியுமா? 2014 ஒக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. தீபாவளி முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். பலருடைய பெற்றோர் தப்பவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, குடும்பங்கள் போய்க் குடியிருக்க மாற்று வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் மலையகத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது.

லயத்தின் சுவரும் அது நிற்கும் நிலமும் பெரும்பாலும் நம் பெயரில் இல்லை. ஆனாலும் வெடிப்பை அடைக்கும் செலவும் உழைப்பும் நம்முடையவை. யாருக்கும் சொல்லாமல் நாமே அடைத்துவிட்டால், அப்படியொரு வெடிப்பு இருந்ததற்கே சாட்சி இல்லாமல் போய்விடும். ஆகவே, மூடுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வெடிப்பைக் கண்ட திகதியுடன் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம அலுவலருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கையொப்பமிட்டால் கடிதத்துக்குக் கனம் கூடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். ஆபத்து நெருங்கியதாகத் தெரிந்தால், பதில் வரும்வரை காத்திராமல் பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

சின்ன வெடிப்பை நாமே அடைப்போம். பெரிய வெடிப்பைப் பொறுப்பானவர்கள் வந்து பார்க்கும்வரை திறந்தே வைப்போம்.