கட்டைகள் ஆள் அறியா

முக்கோணமாய் நிறுத்திய பத்துக் கட்டைகளை, 60 அடி தொலைவிலிருந்து பந்தை உருட்டி வீழ்த்துவதே டென்பின் பௌலிங் எனும் விளையாட்டு. பந்தின் நிறை 16 இறாத்தல் வரை இருக்கலாம் என்பதால், இது புயவலியின் ஆட்டம் என்று பலர் எண்ணுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. உருளும் பாதையில் கண்ணுக்குப் புலனாகா வண்ணம் எண்ணெய் பூசியிருப்பர். ஒவ்வொரு பந்தும் அதைச் சிறிது துடைத்துச் செல்லும். முதலாம் பந்து வளைந்த இடத்தில் இருபதாம் பந்து வளையாது. அம்மாற்றத்தை முன்னுணர்ந்து நிற்குமிடத்தையும் வேகத்தையும் திருத்திக் கொள்பவரே வெல்வர். இதற்கு ஆணென்ன, பெண்ணென்ன?

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தவரான கெலி கியூலிக் 1977இல் பிறந்தவர். பெண்களின் தொழில்முறைச் சங்கத்தில் 2001ஆம் ஆண்டின் சிறந்த புதுமுகமாகத் தெரிவானார். 2003இல் அமெரிக்கப் பெண்கள் திறந்த போட்டியின் பட்டத்தையும் வென்றார். அதே ஆண்டிலேயே அச்சங்கத்தின் போட்டிகள் நின்றுபோயின. கை நன்கு பழகிய வேளையில் ஆடுவதற்குக் களம் இல்லை! கெலி தந்தையாரின் மோட்டார் வாகனத் திருத்தகத்தில் வேலை செய்தார். பந்தை மட்டும் கைவிடவில்லை.

எஞ்சியிருந்தது ஆண்கள் ஆடிவந்த சங்கம் ஒன்றே. 2006இல் அதன் தகுதிகாண் போட்டியில் ஆடவரோடு ஆடி, ஒரு பருவம் முழுவதும் பங்குகொள்ளும் உரிமையை ஈட்டினார். அவ்வுரிமை பெற்ற முதற் பெண் அவரே. ஆயினும் அடுத்த பருவத்துக்கு அது நீடிக்கவில்லை. “அப்போதே சொன்னோமே” என்று தலையாட்டுவோர் எந்த நாட்டிலும் இருப்பர். அவர்களுக்கு மறுமொழி சொல்ல ஆண்டுகள் சில ஆயின.

2009இல் பெண்கள் உலகப் பட்டத்தை வென்றமையால், வெற்றிவீரர்கள் மட்டுமே மோதும் பெரும் போட்டிக்கு அவருக்கு அழைப்புக் கிடைத்தது. 2010 சனவரி 24ஆம் திகதி, லாஸ் வெகாஸ் நகரம். அரையிறுதியில் பின்லாந்து வீரர் மிக்கா கொய்வுனியெமியை 227க்கு 223 என்று மயிரிழையில் வென்றார். இறுதியில் எதிர்நின்றவர் கிறிஸ் பார்ன்ஸ், அக்காலத்தின் முன்னணி வீரருள் ஒருவர். ஓர் ஆட்டத்தில் எட்டக்கூடிய ஆகக் கூடிய புள்ளி 300. கெலி 265 எடுத்தார்; பார்ன்ஸ் 195. எழுபது புள்ளி வேறுபாட்டைத் தற்செயல் என்று யார் சொல்வர்?

அச்சங்கத்தின் பட்டமொன்றை ஒரு பெண் வென்றது அதுவே முதன்முறை. 40,000 டொலர் பரிசுடன், முன்னர் கைநழுவிய ஆடும் உரிமையும் இரண்டு ஆண்டுகளுக்கு அவரிடம் மீண்டது.

பெண்களின் போட்டிகள் 2015இல் மறுபடி தொடங்கின. தம் 38ஆம் வயதில், பன்னிரண்டு ஆண்டுகளின் பின், கெலி அங்கும் பந்தெடுத்து நின்றார்.