மேலே காய்ந்தது, அடியில் நனைந்தது

"பொய் கலக்காமல் வியாபாரம் நடக்காது" என்ற பேச்சு, சிறுகடை நடத்தும் நம்மவரிடையே இன்று சாதாரணமாகிவிட்டது. அதை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

காரிமங்கலத்தில் செவ்வாய்தோறும் கூடும் வாரச்சந்தையைப் பாருங்கள். மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்; தேங்காய் வாங்குபவர் காதருகே ஆட்டிப் பார்க்கிறார். கைப்பேசியில் வாங்குபவருக்கோ அந்த வாய்ப்பு இல்லை. நம் சொல்லை நம்பியே பணம் அனுப்புகிறார். அவரிடம், உறவினரைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடச் செய்வதும், விலையை ஏற்றி எழுதிப் பின் 'தள்ளுபடி' என அடித்துக் காட்டுவதும் விளம்பரமா, ஏமாற்றா?

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணுமாறு மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). பொய் மதிப்புரையும் அடியிலுள்ள ஈரத்தை மறைக்கும் காய்ந்த தானியமே.

வாசலில் 'ஹலால்' பலகை தொங்கினால் போதாது. தராசும் ஹலாலாக வேண்டும். குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தவறான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சட்டத்திற்கு அஞ்சுபவர் அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டாமா?

குறையைச் சொல்லி விற்போம், கண்முன்னே நிறுப்போம், திருப்பித் தந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வோம். வாடிக்கையாளரை மறுமுறையும் அழைத்துவரும் விளம்பரம் இதுவே. நம் வணிகத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.